காலியாகக் கிடந்த கட்டம்: சேர்பியக் கதைகளில் குடும்ப வன்முறையைத் தேடிய ஓர் ஆய்வேடு

பின்னணி

ஒப்பிலக்கியத் துறையில் முதுகலை ஆய்வேடு எழுதிய ஒரு மாணவியின் ஓர் இயல் எப்படித் தொடங்கி எங்கே போய் முடிந்தது என்பதற்கான பதிவு இது. நான் அந்த ஆய்வேட்டுக்கு இரண்டாம் நெறியாளர். மாணவி, முதல் நெறியாளர், தேர்வாளர்கள், கல்லூரி எதற்கும் இங்கே பெயர் இல்லை. 19ஆம் நூற்றாண்டுப் புனைகதையில் குடும்ப வன்முறையை ஆராய நினைக்கும் யாரும் இதே இடத்தில் சிக்குவார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

மாணவி படிக்க வருவதற்கு முன்பு பெண்களுக்கான உதவி மையம் ஒன்றில் வேலை பார்த்தவர். புகார்ப் படிவம் நிரப்புவதுதான் பெரும்பாலும் வேலை. பழைய ஆங்கிலத் தொகுப்பு ஒன்றில் சேர்பிய எழுத்தாளர் லாசா லாசரெவிச்சின் 'கிணற்றடியில்' கதையைப் படித்திருக்கிறார். அந்தக் கதையை நல்ல கதை என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் வயிற்றைப் பிசைகிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஆய்வுக் கேள்வியாக எழுதிக் கொடுக்கும்போது அது 'சேர்பியப் புனைகதையில் பெண் ஒடுக்குமுறை' என்று சப்பென்று ஆகிவிட்டது. துறைக் குழுவில் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும், சரி.

எடுத்துக்கொண்டவை முதலில் மூன்று. லாசரெவிச்சின் 'அப்பாவுடன் முதன்முறை காலைப் பூசைக்கு' (1879), அதே ஆசிரியரின் 'கிணற்றடியில்', போரிசாவ் ஸ்தான்கோவிச்சின் 'அசுத்த ரத்தம்' நாவல் (1910). மூன்றையும் ஆங்கிலத்தில்தான் படித்தார். முக்கியமான பத்திகளை சேர்பிய மொழி தெரிந்த ஓர் ஆய்வாளர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கொடுத்தார்.

லாசரெவிச் (1851–1891) ஷாபாட்ஸ் நகரத்துக்காரர். பெல்கிரேடில் சட்டம் படித்துவிட்டு பெர்லினுக்குப் போய் மருத்துவம் படித்தார். காலை நீட்டியபடி உயர்த்தி நரம்பு வலியைக் கண்டறியும் சோதனையில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முடித்து வைத்த கதைகள் சொற்பம். ஆனாலும் சேர்பியாவில் பள்ளிக்கூடம் போன யாரும் 'காலைப் பூசை'யைப் படிக்காமல் தப்பித்திருக்க முடியாது.

முதல் வரைவு

முதல் வரைவில் மாணவி ஓர் அட்டவணை போட்டிருந்தார். யார் அடிக்கிறார், யாரை, எதனால், எத்தனை முறை, ஊருக்குத் தெரியுமா. உதவி மையப் படிவத்தின் சாயல் அப்படியே தெரிந்தது. அதில் தவறில்லை. ஆனால் நிரப்பிப் பார்த்தபோது ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. 'அசுத்த ரத்தம்' வரிசை நிரம்பி வழிந்தது. லாசரெவிச்சின் இரண்டு கதைகளிலும் மனைவிமேல் யாரும் கை வைக்கவில்லை. கட்டங்கள் காலி.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவு அழகாக இருந்தது. 1880களின் கிராமத்துக் கூட்டுக்குடும்பம், அதாவது ஸாத்ருகா, கண்டிப்பானது, ஆனால் மென்மையானது. அப்புறம் பணம் வந்தது, நகரத்து வியாபாரி வந்தான், குடும்பம் சிதைந்தது, அதோடு வன்முறையும் வந்தது. முதல் நெறியாளருக்கு இது பிடித்திருந்தது. இலக்கிய வரலாறுகளும் கிட்டத்தட்ட இப்படித்தான் பேசும். லாசரெவிச் தந்தைவழிக் குடும்ப ஒழுங்கின் பாடகர், ஸ்தான்கோவிச் அதன் அழிவைப் பாடியவர்.

வரைவு என்னிடம் வந்தபோது எனக்கு உறுத்தியது ஒன்றுதான். வயிற்றைப் பிசைந்த கதையை அவருடைய அட்டவணையே 'வன்முறை இல்லை' என்ற பக்கம் தள்ளிவிட்டிருந்தது. அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கதைகளையும் வரிவரியாகச் சேர்ந்து படிப்போம் என்று மூவரும் பேசி முடிவு செய்தோம்.

மறுவாசிப்பில் தெரிந்தவை

'காலைப் பூசை'யைச் சொல்பவன் வளர்ந்த ஆள். நடந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. ஆரம்பத்திலேயே ஒரு கணக்கு கொடுக்கிறான். அக்காவுக்கு இது தெரியும். தம்பிக்குத் தெரியாது, அவனிடம் சொல்ல நான் என்ன பைத்தியமா? அம்மா பிற்பாடு கேட்கக் கேட்க நிறையச் சொன்னாள். அப்பா ஓர் எழுத்துக்கூடச் சொன்னதில்லை. ஒரு வீட்டுக்குள் யாருக்கு எது தெரியலாம், யார் எதைப் பேசலாம் என்ற பங்கீடு கதை தொடங்குமுன்பே முடிந்துவிடுகிறது. முதல் வரைவில் இந்தப் பத்திக்கு ஒரு வரிகூட இல்லை.

அடுத்து அப்பாவின் உடை. சிவப்பு வெல்வெட்டில் தங்கச் சரிகை அடுக்கிய மேலங்கி, அதன்மேல் பச்சைக் கம்பளியில் இன்னொன்று, இடுப்பில் தந்தப்பிடி போட்ட கத்தி, கையில் அம்பர் வாய் வைத்த நீளமான புகைக்குழாய். மகன் ரசித்து ரசித்துச் சொல்கிறான். சொல்லிக்கொண்டே அப்பாவின் குணத்துக்கு வருகிறான்: என் அப்பாதான், இருந்தாலும் சொல்ல ஆரம்பித்துவிட்ட பிறகு மழுப்பி என்ன பயன். ஒருமுறைதான் சொல்வார், செய்யாவிட்டால் ஓடிவிட வேண்டியதுதான். அவருக்கு எதிராக ஒரு சொல் சொல்ல வீட்டில் யாருக்கும் துணிவில்லை. கன்னத்தில் அறைவதோடு சரி, அதுவும் ஒரே ஒரு அறை, ஆனால் விழுந்தால் ஆள் தரையில்.

ஆக, கட்டம் காலி இல்லை. இந்த அறை யாருக்கு விழுந்தது என்று கதை சொல்லவில்லை, அதனால் மாணவி 'யாரை' என்ற கட்டத்தில் எதுவும் எழுத முடியாமல் விட்டிருக்கிறார். அதற்கும் அடுத்த வரிகள் இன்னும் முக்கியம். அடி பட்டால்தான் என்ன, ஏன் அப்படிப் பயந்தேன் என்று தெரியவில்லை என்கிறான் மகன். அந்தக் கண்களுக்குத்தான் பயம், அவை திரும்பினால் எதற்கென்றே தெரியாமல் உடம்பு நடுங்கும். அடி எப்போதாவது விழுகிற வீட்டில் பயம் மட்டும் எப்போதும் இருப்பது எப்படி என்பதை இதைவிடத் துல்லியமாக எழுதிய வேறு 19ஆம் நூற்றாண்டுக் கதையை நான் படித்ததில்லை.

அப்பா மித்தார் வியாபாரி. சீட்டாட்டக்காரர். இரவிரவாக அவர் வர மாட்டார். அம்மா மாரிட்சா தூங்காமல் காத்திருப்பாள். பிள்ளை போர்வைக்குள் தூங்குவதுபோல் கிடந்து எல்லாம் பார்ப்பான். ஒருநாள் ஆட்டம் வீட்டுக்கே வருகிறது. விடிவதற்குள் எல்லாம் போய்விடுகிறது. மித்தார் துப்பாக்கியோடு முற்றத்துக்குப் போகிறான், மனைவி பின்னாலேயே போகிறாள். அங்கே அவர்கள் பேசிக்கொள்வதுதான் கதையின் உச்சம். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்கிறான் அவன். கொடுத்தால் என்ன, சம்பாதித்ததும் நீதானே என்கிறாள். குதிரை போயிற்று, அது ஒரு நோஞ்சான் குதிரை. புல்வெளி போயிற்று, அது ஒரு பொட்டல். கடைசியில் கண் பிதுங்க, வீடும் போயிற்று என்கிறான். போகட்டும், நீ உயிரோடு இருந்தால் போதும். வீடும் நிலமும் எங்களுக்குச் சோறு போடவில்லை, நீதான் போட்டாய். அப்போது கோயில் மணி அடிக்கிறது. அப்பா மகனை முதன்முறையாகக் காலைப் பூசைக்கு அழைத்துப் போகிறார். அவரை மொட்டையடித்த சூதாடியைப் பல காலம் கழித்து மகன் பெல்கிரேடை அடுத்த தொப்சிதேரில் பார்க்கிறான். கைதி உடையில் சாலையோரம் கல் உடைத்துக்கொண்டிருக்கிறான்.

வகுப்பில் இதைப் படித்துக் காட்டியபோது சிலர் கண்கலங்கினார்கள். கலங்க வேண்டிய இடம்தான். மாரிட்சாவின் சமயோசிதம் சாதாரணமானதல்ல, சாகப் போகிறவனிடம் வேறு என்ன பேச முடியும்? மாணவி அங்கே ஒரு கேள்வி கேட்டார். வீடு போனதற்கு அவள் சம்மதம் எங்கே கேட்கப்பட்டது? யாரும் பதில் சொல்லவில்லை. கதையில் கேட்கப்படவே இல்லை. அவளும் பிள்ளைகளும் அடுத்த அறையில் இருக்கும்போது அவர்கள் தலைக்கு மேலுள்ள கூரை சீட்டு மேசையில் கைமாறிவிட்டது. அந்த இழப்பைப் பற்றி ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் இருப்பதுதான் அவன் உயிரைக் காப்பாற்றும் வழி என்று கதை வைத்திருக்கிறது.

'கிணற்றடியில்' வேறு மாதிரி. பணக்கார வீட்டில் செல்லமாக வளர்ந்த அனோகா, ஜெனாதிச் கூட்டுக்குடும்பத்துக்கு மருமகளாக வருகிறாள். வேலை செய்ய மாட்டாள், மற்ற மருமகள்களோடு சண்டை. வீட்டுக்கு மூத்தவர் கிழவர் மாத்தியா. அவளைத் திட்டவில்லை, அடிக்கச் சொல்லவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு, இனி அனோகா சொல்வதுதான் இந்த வீட்டில் சட்டம், அவளை ஒரு வேலையும் செய்ய விடாதீர்கள், எல்லோரும் அவளுக்குப் பணிவிடை செய்யுங்கள் என்று உத்தரவு போடுகிறார். அத்தனை பெரிய குடும்பமும் அவளுக்கு எழுந்து நிற்கிறது. அவளால் தாங்க முடியவில்லை. உடைந்துபோய்க் கிழவரின் முன்னால் வந்து நிற்கிறாள், மன்னிப்பு கிடைக்கிறது, வீட்டுக்குத் தண்ணீர் இறைக்கும் கிணற்றடியில் அவளுக்கு ஓர் இடமும் கிடைக்கிறது.

இங்கே எங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. முதல் நெறியாளர் இதைக் கிழவரின் சாமர்த்தியம் என்றே படித்தார். அனோகா செய்யாத வேலையைச் செய்தது யார்? மற்ற மருமகள்கள். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் கிழவர் செய்தது நியாயம் என்றார். வலுவான வாதம், இயலில் அதைச் சேர்க்கச் சொன்னவன் நான்தான். மாணவி சொன்னது, உதவி மையத்தில் தான் கேட்ட புகார்களில் பாதி இப்படித்தான் இருந்தன என்பது. அடிக்கவில்லை மேடம், யாரும் என்னிடம் சாதாரணமாகப் பேசவில்லை, வீடு முழுக்க ஒன்றாக. குடும்பமே சேர்ந்து ஒரே மாதிரி நடந்துகொள்ளும்போது அந்த ஒருத்திக்குச் சுவர் எது மனிதர் எது என்று தெரியாது. கதை அந்தக் கட்டத்தைச் சிரிப்போடு சொல்கிறது. நன்றாகவும் சொல்கிறது. சிக்கலே அதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அட்டவணையைத் தூக்கிப் போடவில்லை, கட்டங்களை மாற்றினோம். ஒவ்வொரு பெண் பாத்திரத்துக்கும் நான்கு கேள்விகள்: அவளால் வெளியேற முடியுமா, எதிர்த்துப் பேச முடியுமா, சொத்து என்று எதையாவது வைத்திருக்க முடியுமா, மறுக்க முடியுமா. அடியும் இருந்தால் பதிவு செய்யலாம், ஆனால் அதுவே அளவுகோல் அல்ல.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் என்று வன்முறையை வகைப்படுத்துகிறது. மாணவி அதை அப்படியே 1879க்குப் பொருத்த நினைத்தார். அது வேண்டாம் என்று சொன்னேன். அந்தச் சட்டத்தின் வகைகளிலிருந்து கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்துக்கு அதன் சொந்தச் சட்டம் இருக்கிறது: 1844இல் நடைமுறைக்கு வந்த சேர்பியக் குடியியல் சட்டம். கணவன் குடும்பத் தலைவன், மனைவி கீழ்ப்படிய வேண்டும். திருமணமான பெண் சட்டத்தின் கண்ணில் கிட்டத்தட்ட வயது வராதவள், கணவன் சம்மதமின்றி ஒப்பந்தம் செய்ய முடியாது. மகன் இருந்தால் மகளுக்குத் தந்தை சொத்தில் வாரிசுரிமை இல்லை. மணமுறிவு திருச்சபை நீதிமன்றத்தின் கையில். இதைப் படித்துவிட்டு மாரிட்சாவிடம் திரும்பினால் அந்த முற்றத்துப் பேச்சு வேறாகக் கேட்கிறது. வீட்டை விட்டுக்கொடுப்பதற்கு அது முதலில் அவளுடையதாக இருக்க வேண்டுமே. பெல்கிரேடில் சட்டம் படித்த ஒருவர் எழுதிய கதை இது என்பதையும் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்தோம். அதற்கு மேல் ஊகிக்கவில்லை.

கதையில் நடப்பது வேறு, கதைசொல்லி அதை எப்படிப் பார்க்கிறான் என்பது வேறு. இரண்டையும் தனித்தனிப் பகுதியாக எழுதச் சொன்னோம். முதல் வரைவில் மாணவி மகனின் பெருமிதத்தையே நிகழ்வாக எடுத்துக்கொண்டிருந்தார். குழந்தையின் கண்ணில் அப்பா பயமாகவும் ஒரே சமயத்தில் அழகாகவும் தெரிகிறார், கதையின் கலை அங்கேதான் இருக்கிறது.

'அசுத்த ரத்தம்' 1910இல் வெளிவந்தது. ஆய்வேட்டின் தலைப்பிலோ 19ஆம் நூற்றாண்டு என்று இருக்கிறது. நீக்கிவிடலாமா என்று யோசித்தோம். 1878இல் ஒட்டோமான் ஆட்சியிலிருந்து சேர்பியாவுக்கு வந்த வ்ரான்யே நகரத்தின் அந்தக் கால வாழ்க்கைதான் நாவலின் களம் என்பதால் பின்னுரையாக மட்டும் வைத்துக்கொள்ள முடிவு செய்தோம். நொடித்துப்போன எஃபெந்தி மீத்தா ('எஃபெந்தி' ஒட்டோமான் கால மரியாதைப் பட்டம்) தன் மகள் சோஃப்காவைப் பணக்கார மார்கோவின் மகன் தோம்ச்சாவுக்குக் கொடுக்கிறார். மாப்பிள்ளை இன்னும் சிறுவன். சோஃப்கா மறுக்கும்போது அப்பா தன் மேலங்கியைத் திறந்து காட்டுகிறார். வெளியே பகட்டு, உள்ளே புறணி கந்தல். அதைப் பார்த்துவிட்டு அவள் சம்மதிக்கிறாள். பல வருடம் கழித்து, தருவதாகச் சொன்ன பணத்தைக் கேட்டு எஃபெந்தி மீத்தா வந்து நிற்கும்போது, வளர்ந்து ஆளாகிவிட்ட தோம்ச்சாவுக்குத் தன் கல்யாணம் ஒரு வியாபாரம் என்று தெரிகிறது. அன்றிலிருந்து அவள் வாழ்க்கை அடியும் அவமானமும்தான்.

முதல் வரைவில் வன்முறை இந்தப் புள்ளியில்தான் தொடங்கியது. புதிய வரைவில் கந்தல் புறணிக்கு நகர்ந்தது. நாவலில் ஒரு பெண்மேல் பிரயோகிக்கப்படும் மிகக் கடுமையான அழுத்தம் அந்த இடத்தில்தான் இருக்கிறது, அதுவும் பாசமுள்ள அப்பா கையால்.

கடைசியாக ஒன்று. மூன்று படைப்பும் ஆண்கள் எழுதியவை. திராகா கவ்ரிலோவிச் (1854–1917) ஸ்ர்ப்ஸ்கா ட்ஸ்ர்ன்யா ஊரில் பள்ளி ஆசிரியை. அவருடைய 'ஒரு பெண்ணின் நாவல்' 1889இல் 'யாவோர்' இதழில் தொடராக வந்தது. சேர்பிய மொழியில் பெண் எழுதிய முதல் நாவல் என்று கருதப்படுகிறது. சேர்பிய மொழி தெரிந்த ஆய்வாளர் வாசித்துச் சொன்ன பகுதிகளை வைத்து அரைப் பக்கம் எழுதினார் மாணவி. அவ்வளவுதான் முடிந்தது.

பின்பு நடந்தவை

இயல் இரட்டிப்பு நீளமாயிற்று. 'மென்மையான கூட்டுக்குடும்பம்' என்ற வாதம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்த வாதம் சற்று ஒடுக்கமானது: லாசரெவிச்சின் கதைகளில் ஒடுக்குமுறை மறைக்கப்படவில்லை, விவரமாகவே எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் பெண்ணின் பொறுமை ஒவ்வொரு முறையும் குடும்பத்தை மீட்டுக் கொடுப்பதால் வாசகர் அந்த விவரங்களைக் கடந்து போய்விடுகிறார். முதல் நெறியாளர் இதை முழுதாக ஏற்கவில்லை. 'கிணற்றடியில்' பற்றிய தன் மறுப்பை அடிக்குறிப்பில் சேர்க்கச் சொன்னார், சேர்த்தோம்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார். இன்றைய கண்ணாடியை 1879க்கு மாட்டுகிறீர்களா? மாணவி தயாராக இருந்தார். அந்தக் கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்துவிட்டது என்றார். நடிகையும் கவிஞருமான திராகா தெயானோவிச் 1871இல் சாகும் முன்பே சேர்பியப் பெண்களின் விடுதலை பற்றிக் கட்டுரைகள் எழுதியிருந்தார். சோசலிஸ்ட் ஸ்வெத்தோசார் மார்கோவிச் 1870இல் பெண் ஆணுக்குச் சமமாக இருக்கத் தகுதியுள்ளவளா என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார். இதெல்லாம் 'காலைப் பூசை'க்கு முந்தியவை. லாசரெவிச் இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த சமூகத்தில் உட்கார்ந்துதான் எழுதினார்.

தேர்வாளர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் 'கிணற்றடியில்' கதையைத் 'திட்டமிட்ட சித்திரவதை' என்று மாணவி எழுதியிருந்த வாக்கியத்தை மாற்றச் சொன்னார். கிழவரின் நோக்கம் கொடுமை என்பதற்குக் கதையில் ஆதாரம் இல்லை, விளைவு கொடுமையாக இருந்தது என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. நியாயமான திருத்தம். மாணவிக்கு அதில் மனவருத்தம்தான், ஆனாலும் மாற்றினார். ஆய்வேடு ஏற்கப்பட்டது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

சட்டத்தை முதலில் படிக்க வேண்டும், அட்டவணை பிறகு. 1844 சட்டத்தின் நான்கைந்து விதிகளைத் தொடக்கத்திலேயே கையில் வைத்திருந்தால் முதல் வரைவின் வாதம் உருவாகியே இருக்காது.

படைப்புகளைக் குறைத்துக்கொள்ளலாம். 'அசுத்த ரத்தம்' தனி ஆய்வேட்டுக்கு உரியது. சோஃப்காவின் மாமனார் மார்கோ, மாமியார் ஸ்தானா இருவரையும் பற்றி எங்கள் பின்னுரையில் ஒரு பத்திக்கு மேல் எழுத முடியவில்லை. மகனுக்குக் கட்டி வைத்த பெண்மேல் மார்கோவுக்கு இருக்கும் ஆசைதான் நாவலின் பாதிச் சுமை, அதை ஒரு வாக்கியத்தில் கடந்துபோனது சரியில்லை.

களப்பணி அனுபவம் உள்ள மாணவர் வரும்போது அந்த அனுபவத்தை ஆய்வேட்டில் எங்கே வைப்பது என்பதை முதல் மாதமே பேசிவிட வேண்டும். இந்த மாணவியின் முதல் உறுத்தல் சரியான இடத்தைத்தான் காட்டியது. ஆனால் உதவி மையத்துப் படிவம் அந்த உறுத்தலுக்கு இடம் கொடுக்கவில்லை. புகார்தாரர்கள் சொன்னவற்றை ஆய்வேட்டுக்குள் நேரடியாகக் கொண்டுவரவும் கூடாது. கொண்டுவரவில்லை, வாய்மொழியாக எங்களுக்குள் பேசியதோடு நின்றது.

மொழிக்கு ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும். கவ்ரிலோவிச்சுக்கு அரைப் பக்கம் போதவே போதாது. கல்யாணத்தைத் தள்ளிவைக்கும் படித்த பெண்ணைக் கதாநாயகியாக்கி ஒரு பெண்ணே எழுதிய நாவல் அது, அதுவும் லாசரெவிச் உயிரோடு இருந்த காலத்தில். அதை முழுதாகப் படித்திருந்தால் நான்கு கேள்விகளில் 'மறுக்க முடியுமா' என்பதற்காவது வேறு விடை கிடைத்திருக்கும். சரிபார்த்துக் கொடுத்த ஆய்வாளர் முழு நாவலையும் உட்கார்ந்து வாசித்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார், அடுத்து யாராவது இந்தத் தலைப்பை எடுத்தால்.